பச்சை நூல் கட்டியவர் பெயர்

உங்கள் வீட்டில் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்தீர்களா? சரி, யாரை எண்ணாமல் விட்டீர்கள்?

சங்கடப்பட வேண்டாம். கோவை உக்கடத்தில், பெரிய குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வசிக்கும் தாஜுன்னிசாவும் தன்னை எண்ணாமல்தான் விட்டிருந்தார். பத்தொன்பது வருடம் அப்படி. ரேஷன் கடையில் கேட்டார்கள். வங்கியில் கேட்டார்கள். மகள் ஹிபாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்டார்கள். கொசு மருந்து அடிக்க வந்தவர்கள்கூட ஒரு தாளை நீட்டிக் கேட்டார்கள்.

"நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"வேலையெல்லாம் இல்லீங்க. ஊட்டுல சும்மாதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து கம்பியை இழுக்கத் தொடங்குவார்.

அவர் சும்மா இருந்த அந்த வீட்டின் முன்னறையில் நாற்காலி கிடையாது. இரண்டு மரக்கட்டைகள் மேல் மூன்றடி நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் படுத்திருக்கும். தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற நீர்மூழ்கி மோட்டாரின் உடம்பு அது. பட்டறைக்காரர்கள் அதை ஸ்டேட்டர் என்பார்கள். உள்பக்கம் நீளவாக்கில் வரிசையாகக் குறுகிய பள்ளங்களாகக் காடிகள் வெட்டியிருக்கும். பிளாஸ்டிக் பூசிய தாமிரக் கம்பியை அந்தக் காடிகளுக்குள் ஒவ்வொரு சுற்றாக விட்டு இழுக்க வேண்டும். ஒரு காடியில் ஒரு சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகும். கம்பியின் பூச்சில் நகக்கீறல் பட்டால் முந்நூறு அடி ஆழத்தில் தண்ணீர் உள்ளே புகும், மோட்டார் எரியும், ஒரு குடியானவரின் வெள்ளாமை காயும். எல்லாக் காடியும் நிறைந்த பிறகு, இரண்டு முனைகளிலும் பிதுங்கி நிற்கிற கம்பிக் கொத்துகளை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கம்பிச் சுருளைத்தான் காயில் என்பார்கள்; இந்த வேலைக்குக் காயில் கட்டுவது என்று பெயர்.

தாஜுன்னிசா ஒரு முனையில் சம்மணம் போட்டு உட்காருவார். மறுமுனையில் அவருடைய கணவர் மைதீன் பிச்சை. மனைவி இழுப்பார், கணவர் நீட்டுவார். இவர் எண்ணுவார், அவர் திருப்பி அனுப்புவார். எங்கே வளைப்பது, எந்தக் காடியில் எத்தனை சுற்று, எங்கே விடுவது என்பதெல்லாம் இவர் தலைக்குள் இருந்தது. அவருக்கு அதில் பாதிகூடத் தெரியாது. இதை மைதீன் பிச்சையே ஒப்புக்கொள்வார், வீட்டுக்குள் மட்டும்.

தொடக்கத்தில் தொழில் கற்றுக்கொள்ளப் பட்டறைக்குப் போனவர் மைதீன்தான். மதுக்கரை ரோட்டில் இருந்த ஆறுச்சாமியின் மோட்டார் பட்டறையில் எட்டு மாதம் இருந்தார். பொறுமை போதவில்லை. இருபது சுற்றுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிடும். ஆனால் ஆறுச்சாமிக்கு அவரைப் பிடித்திருந்தது. "ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி மெதுவாக் கட்டிக் கொண்டாங்க பாய்" என்று இரண்டு ஸ்டேட்டர்களை ஏற்றிவிட்டார். அந்த இரண்டில் முதலாவதை மைதீன் கட்டினார்; அது எரிந்து திரும்பி வந்தது. அதைப் பிரித்து, கம்பியைக் காடி காடியாக உருவி, எது எங்கே போயிருந்தது என்று ஹிபாவின் சிலேட்டில் கோடு போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டவர் தாஜுன்னிசா. யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டாவதை அவர் கட்டினார். அது எரியவில்லை. அன்றிலிருந்து மைதீன் பிச்சை லோடு ஆட்டோ வாங்கி ஸ்டேட்டர்களை எடுத்துவரவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், காயில் கட்டாமல் போன அந்த நாளிலிருந்துதான் மைதீன் பிச்சைக்கு மேஸ்திரி என்ற பட்டம் கிடைத்தது. பட்டறையில் மைதீன் மேஸ்திரி. டீக்கடையில் மைதீன் மேஸ்திரி. பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டும்போதும் "வாங்க மேஸ்திரி". மேஸ்திரி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் பெண்பால் கிடையாது. பெண் செய்தால் அது ஒத்தாசை. அதே பெண் பட்டறைக்குப் போய்ச் செய்தால் ஹெல்பர். மேஸ்திரிக்கு நாற்காலியும் "ங்க"வும் உண்டு. ஹெல்பருக்குத் தரையும் "ஏ, இங்க வா"வும்.

வகை பிரிப்பது என்றால் நம் நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறப்பை வைத்து மனிதனை அடுக்கினோம். பிறகு தெருவை அடுக்கினோம், டீக்கடைத் தம்ளரை அடுக்கினோம், பிணத்தைப் புதைக்கிற மண்ணைக்கூட அடுக்கினோம். யாரோ நாலு பேருக்கு வசதியாக இருந்த அடுக்கை ஆண்டவன் போட்டது என்று சொல்லி மற்றவர்களைக் கும்பிட வைத்தோம். பட்டியல் என்பது மழைபோல வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்த ஒருவர், அவர் கண்ணுக்குத் தெரிந்தது, தெரியாதது. அவ்வளவுதான். போட்டவர் மனிதர் என்றால் மாற்றுகிறவரும் மனிதராக இருக்கலாம். இந்தச் சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான் நமக்கு நூற்றாண்டுகள் ஆகின்றன.

தாஜுன்னிசாவுக்கு இந்தத் தத்துவமெல்லாம் தேவைப்படவில்லை. பக்கத்துச் சந்து ரங்கம்மாளின் கை போதுமானதாக இருந்தது.

ரங்கம்மாள் இரும்பு வார்ப்படம் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் மணல் அச்சு செய்கிறவர். இரண்டு வருடம் முன்பு தொழிலாளர் அட்டை எடுக்கப் போனார். "எதுக்கு வம்பு, தையல்னு போட்டுக்கங்க, சீக்கிரம் கெடைக்கும்" என்று யாரோ சொன்னார்கள். தையல் என்று போட்டார்கள். அட்டை ஒரே நாளில் வந்தது. போன சித்திரையில் சூடான அச்சுப்பெட்டி சரிந்து ரங்கம்மாளின் இடது கை முழங்கை வரை வெந்துபோனது. விபத்து உதவி கேட்டு அந்த அட்டையைக் கொண்டுபோனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"தையக்காரம்மாவுக்கு எப்படிங்க தீக்காயம்?"

விண்ணப்பம் திரும்பி வந்தது. பொய் சொன்னது அட்டை. வெந்தது கை. அவர்கள் நம்பியது அட்டையை.

தாஜுன்னிசா ரங்கம்மாளுக்குத் தினமும் கட்டு மாற்றிவிடப் போனார். திரும்பி வரும்போதெல்லாம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே வருவார். கம்பி இழுத்து இழுத்து ஆட்காட்டி விரல்களில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. கம்பி அறுந்து தெறித்தால் கண்ணில் படும். அப்படி இரண்டு முறை மயிரிழையில் தப்பியிருந்தார். ஒரு நாள் கட்டு மாற்றிவிட்டு வந்து, ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னார்.

"ஏனுங்க, எனக்கு ஒரு அட்டை எடுக்கோணும். மோட்டாரு காயில் கட்டறவன்னு எழுதின அட்டை."

மைதீன் பிச்சை வாளியைக் கீழே வைத்தார். "உனக்கா?"

"பின்ன, உங்களுக்கா?"

உக்கடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அட்டைப் பதிவு முகாம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று பேனர் கட்டியிருந்தார்கள். புதன்கிழமை காலையில் இருவரும் போனார்கள். கணினிக்கு முன்னால் டீனா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தார். ஒப்பந்த வேலை. முகாம் தொடங்கியதிலிருந்து நூறு பேரையாவது பார்த்திருப்பார், ஆனாலும் முகம் சுளிக்கவில்லை.

"சொல்லுங்க்கா. என்ன தொழில்?"

பழக்கம் பொல்லாதது. தாஜுன்னிசாவின் நாக்கில் "சும்மா" என்பது வந்து நின்றேவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு சொன்னார்.

"சப்மர்சிபிள் மோட்டாருக்குக் காயில் கட்டறேனுங்க."

டீனா நிமிர்ந்து பார்த்தார். "நீங்களாக்கா?"

"ஆமாங்க. பத்தொம்பது வருசமா."

டீனாவின் விரல் திரையில் பட்டியலை உருட்டியது. நீளமான பட்டியல். "இருக்குதுங்க்கா. மின்மோட்டார் காயில் சுற்றுபவர். ஆனா இதுக்கு, வேலை குடுக்கறவரு உங்களை இன்ன வேலைக்கு வெச்சிருக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும்."

"எல்லா வேலைக்கும் கேப்பீங்களா?"

"இல்லீங்க்கா. தையலுக்கு வேணாம். பூக்கட்டறது, அப்பளம், ஊறுகா, இதுக்கெல்லாம் வேணாம். நீங்களே எழுதிக் குடுத்தாப் போதும்."

"அது ஏனுங்க அப்புடி?"

டீனா கொஞ்சம் யோசித்தார். "பொம்பளைங்க அதுதான செய்வாங்க, இதுக்கெல்லாம் எதுக்குச் சாட்சின்னு உட்டுட்டாங்க போலங்க்கா."

மைதீன் பிச்சை குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "தாஜு, தையல்னே போட்டுறலாம். ஊட்டுல மிஷின் வேற இருக்குது. பொய்யும் ஆகாது."

தையல் மெஷின் இருந்தது உண்மைதான். ஹிபா பிறந்த வருடம் வாங்கியது. அதன் மேல் கம்பிச் சுருள்களை அடுக்கியிருந்தார்கள்.

"ரங்கம்மா அக்காவுக்கும் இப்புடித்தான் போட்டாங்க" என்றார் தாஜுன்னிசா. பிறகு டீனாவிடம், "கடுதாசியோட வாரேன் கண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருவேன்."

அன்று மாலை இருவரும் ஸ்டேட்டரின் இரு முனைகளில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். முகம் பார்க்க முடியாத உட்காரல் அது. நடுவில் மூன்றடி இரும்பு. அந்தக் குழாய்க்குள்ளே போகிற கம்பியோடு பேச்சும் போய்வந்தது.

"ஆறுச்சாமி கையெழுத்துப் போட மாட்டாரு" என்றது அந்தப் பக்கம்.

"கேட்டுப் பாக்கலாம்."

"கேட்டா, இத்தன நாளா காயில் கட்டுனது நீங்க இல்லியான்னு என்னய ஒரு பார்வை பார்ப்பாரு."

"பாக்கட்டுமே. முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு…"

கம்பியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே மைதீன் பிச்சை சொன்னார், "எல்லாரும் என்னய மேஸ்திரின்னுதான் கூப்பிடறாங்க தாஜு."

"அந்தப் பேரை நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு அட்டையில ஒரு வரி போதும்."

"அந்த ஒரு வரி வந்துட்டா, இந்தப் பேரு எங்க நிக்கும்?"

பதில் தேடியதில் தாஜுன்னிசாவுக்கு எண்ணிக்கை தவறியது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக. அந்தக் காடி முழுவதையும் உருவிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார். மைதீன் பிச்சை கம்பியை மறுபடி நீட்டினார்.

அவர் மோசமான மனிதர் இல்லை. மனைவியின் உழைப்பில் உட்கார்ந்து தின்றவரும் இல்லை. விடியற்காலையில் எழுந்து ஆட்டோ ஓட்டியவர், மீன் நறுக்கித் தந்தவர், கை வலிக்கு எண்ணெய் காய்ச்சித் தந்தவர். ஊர் கொடுத்த ஒரு தப்பான பெயரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் அப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம்!

வியாழக்கிழமை காலையில் கட்டி முடித்த ஸ்டேட்டரை ஆட்டோவில் ஏற்றினார் மைதீன். திரும்பிப் பார்த்தால் தாஜுன்னிசா கறுப்புப் பர்தா போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கைப்பை. இத்தனை வருடத்தில் அவர் ஆறுச்சாமி பட்டறைக்குப் போனதே இல்லை. வீட்டுப் பெண்கள் பட்டறைக்குப் போவது வழக்கமில்லை, அவ்வளவுதான். யாரும் தடுத்ததும் இல்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை.

பட்டறைக்குள் இரைச்சல். ஒரு தொட்டித் தண்ணீரில் மோட்டாரை முக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு பெஞ்சில் காரமடை பக்கத்துத் தோட்டக்காரர் திருமலைசாமி, தன் மோட்டாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஆறுச்சாமி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க மேஸ்திரி. அட, அம்மணியும் வந்திருக்கீங்களா! வாங்க, உக்காருங்க. ஏ மனோஜு, டீ சொல்லு."

தாஜுன்னிசா உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புத் தட்டுகள் மூன்று அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியால் எழுதியிருந்தது. மேல்தட்டில் 'புதுசு'. நடுத்தட்டில் 'பச்சை'. கீழ்த்தட்டில் 'மத்தது'.

"தம்பி, பச்சைன்னா என்னங்க?" என்று கேட்டார், டீ வாங்கக் கிளம்பிய மனோஜ்குமாரிடம். அவர் அங்கே ஏழு வருடமாக மோட்டார் பூட்டுகிற ஆள்.

"அது நம்ம ஒசத்தி காயிலுங்க்கா. முனையில பச்ச நூல் கட்டியிருக்கும் பாருங்க. தோட்டத்துக்காரங்க அதுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க."

"என்ர மோட்டாருலயும் அதுதான் இருக்குது" என்றார் திருமலைசாமி பெஞ்சிலிருந்து. "மத்ததெல்லாம் ரெண்டு வருசத்துக்கொருக்கா எந்திரிச்சு வருதுங்க. பச்ச நூலு போட்டது ஆறு வருசமா கெணத்துக்குள்ளயே கெடந்துச்சு. இப்ப வந்தது பேரிங் போயித்தான்."

தாஜுன்னிசா நின்ற இடத்திலேயே நின்றார்.

அந்தப் பச்சை நூலுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. முதல் வருடம் ஒரு ரமலான் மாதத்தில், பட்டறை கொடுத்த வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. மறுநாள் ஸ்டேட்டரைக் கொடுத்தாக வேண்டும். தாஜுன்னிசா உக்கடம் மீன் மார்க்கெட் பக்கம் போய் வலை பின்னுகிற நைலான் நூல் ஒரு கண்டு வாங்கிவந்தார். பச்சை நிறம்தான் இருந்தது. தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டிய நூல் என்பதால் அவருக்கு அதில் நம்பிக்கை. நனைந்தால் இறுகியது, நழுவவில்லை. அன்றிலிருந்து அவர் வேறு நூல் கட்டியதில்லை. அது யாருக்காவது அடையாளமாகும் என்று நினைத்ததும் இல்லை.

பாருங்கள், கொங்கு நாட்டுக் கிணறுகளுக்குள் அவர் ஏற்கெனவே ஒரு தனி வகையாக இருந்தார். குடியானவர்கள் வகைப்படுத்தியிருந்தார்கள், பட்டறை வகைப்படுத்தியிருந்தது. நூலுக்குத் தட்டு கிடைத்துவிட்டது. கட்டிய கைக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

"ஏனுங்க, எனக்கு ஒரு கடுதாசி வேணுமுங்க" என்று ஆறுச்சாமியிடம் ஆரம்பித்தார் தாஜுன்னிசா. முகாமைச் சொன்னார், ரங்கம்மாள் கையைச் சொன்னார், நாளையோடு முடிகிறது என்பதைச் சொன்னார்.

ஆறுச்சாமி பொறுமையாகக் கேட்டார். "கண்டிப்பாங்க அம்மணி. உங்களுக்கு இல்லாததா. தையல்னு ஒண்ணு எழுதிக் குடுத்தர்றனுங்களே."

"நீங்க தையக்கடை வெச்சிருக்கீங்களா?"

பெஞ்சில் திருமலைசாமி சிரித்துவிட்டார். ஆறுச்சாமியும் கொஞ்சம் சிரித்தார்.

"இல்லீங்க அம்மணி. மேஸ்திரி பேருலதான எல்லாமே நடக்குது. நோட்டுல அவரு பேரு. காயில் அவரு கட்டறது. உங்க பேருல நான் எப்புடிங்க எழுதறது? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னங்க சொல்றது? தப்பா எடுத்துக்காதீங்க."

"ங்க" போட்டுப் பேசுவதில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது. மறுப்பதையும் அதே மரியாதையோடு மறுப்போம். மரியாதைக்கு மேல் மரியாதையாக அடுக்கி, அதற்கு அடியில் ஒரு ஆளையே காணாமல் போக்கிவிடுவோம்.

தாஜுன்னிசா கைப்பையைத் திறந்தார். பச்சை நூல் கண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கணவரைப் பார்த்தார்.

எல்லோரும் மைதீன் பிச்சையைப் பார்த்தார்கள். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கலாம். "ஆமா, நான் கட்டறதுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பெயர் அப்படியே இருந்திருக்கும். மறுப்பதற்கு அங்கே யாரும் இல்லை. மனைவிகூட மறுத்திருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் அவரைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

"எனக்கு அந்த முடிச்சே போடத் தெரியாதுங்க" என்றார் மைதீன் பிச்சை.

"என்ன பாய்?"

"முடிச்சுங்க. பச்ச நூல் முடிச்சு. மொத நாள்ல இருந்து ஒட்டுக்கா எல்லாமே இவ கட்டுனதுதான். நான் அக்கட்டால உக்காந்து கம்பி நீட்டுவேன். அவ்வளவுதானுங்க என்ர வேல."

ஆறுச்சாமி நாற்காலியில் சாய்ந்தார். கோபமா சிரிப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை. "பத்தொம்பது வருசமா என்னய மேஸ்திரி மேஸ்திரின்னு கூப்பிட வெச்சுப்போட்டீங்களே பாய்!"

"நீங்க கூப்பிட்டீங்க. நான் திரும்பிப் பாத்தேன்."

திருமலைசாமி எழுந்து வந்து மேசையிலிருந்த நூல் கண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏனுங்க ஆறுச்சாமி, என்ர மோட்டாரு ஆறு வருசமா தண்ணி எறச்சுது. அது ஆம்பள கட்டுனதா பொம்பள கட்டுனதான்னு கெணறு கேக்கலையே. நீங்க என்னத்துக்கு ரோசன பண்றீங்க?"

ஆறுச்சாமி கடைத்தாளை எடுத்தார். மெதுவாக எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டினார். தாஜுன்னிசா வாங்கி முழுவதும் படித்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டாமல் படிப்பார்.

திருப்பி மேசைமேல் வைத்தார். "இதுல வைண்டிங் ஹெல்பர்னு எழுதியிருக்கீங்க."

"பழக்கத்துல வந்துருச்சுங்க அம்மணி. ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"ஒண்ணில்லீங்க" என்றார் மைதீன் பிச்சை. தாஜுன்னிசா வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். "ஹெல்பர் நான்."

ஆறுச்சாமி இன்னொரு தாளை எடுத்தார். இந்த முறை எழுதும்போதே ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு எழுதினார். தாஜுன்னிசா, க/பெ மைதீன் பிச்சை, மோட்டார் காயில் வைண்டர், பத்தொன்பது ஆண்டு அனுபவம். எழுதி முடித்த பிறகு டீ வந்தது. மனோஜ்குமார் முதல் தம்ளரைப் பழக்கப்படி மைதீனிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி அப்படியே மனைவியிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கூட்டம். டீனா கடிதத்தை வாங்கி, பட்டியலை உருட்டி, அந்த வரியைத் தேடி அழுத்தினார். "பதிஞ்சாச்சுங்க்கா. இந்த வரியில ஒரு பொம்பளை பேரு நான் அடிக்கறது இதுதான் மொதல் தடவை." பிறகு பக்கத்து மேசை அதிகாரியின் காதில் விழாதபடி, "எங்க அம்மாவும் ஊட்டுல மில்லுக்கு நூல் பிரிச்சுக் குடுக்கறாங்க. வேலை இல்லைன்னுதான் எல்லா எடத்துலயும் எழுதியிருக்கேன்" என்றார்.

"ஊட்டுக்குப் போயி மாத்தி எழுது கண்ணு" என்றார் தாஜுன்னிசா.

அட்டை அடுத்த மாதம் வந்தது. தையல் மெஷினுக்கு மேலே, கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில், சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

பட்டறையில் நடந்த செய்தி உக்கடத்துக்கு வர அன்று ஒரு நாள்கூட ஆகவில்லை. டீக்கடை ஜாவித், மைதீன் பிச்சையைப் பார்த்ததும் கரண்டியைத் தட்டிக் கூவினார்.

"வாங்க, வாங்க! மேஸ்திரியா போனவரு ஹெல்பரா வாராரு!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "சம்பளம் குறைச்சுட்டாங்களா பாய்?" என்றார்.

"டீ போடுடா மொதல்ல" என்றார் மைதீன் பிச்சை. "எனக்குச் சக்கரை கம்மியா. மேஸ்திரியம்மாவுக்கு ஒரு பார்சல், ஸ்ட்ராங்கா."

சிரிப்பு ஒரு வாரம் ஓடியது, பிறகு அடங்கிவிட்டது. அவர் பயந்த மாதிரி எதுவும் கழன்று விழவில்லை. இப்போது அவரை லோடு ஆட்டோ மைதீன் என்கிறார்கள். அது உண்மை என்பதால் கூப்பிட்டால் உடனே திரும்புகிறார். ஆறுச்சாமியின் நோட்டில் பெயர் மாறியிருக்கிறது. தட்டில் 'பச்சை' மட்டும் மாறவில்லை. அதை மாற்ற வேண்டாம் என்று தாஜுன்னிசாதான் சொன்னார். ரங்கம்மாள் தன் அட்டையில் தையல் என்பதை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை விடப்போவதில்லை என்று இரண்டு பெண்களும் மாதம் ஒருமுறை அந்த அலுவலகப் படியேறுகிறார்கள்.

போன வாரம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒருவர் அந்தச் சந்துக்கு வந்தார். "நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?" தாஜுன்னிசா கையில் கம்பியோடு எழுந்து வந்தார். "சும்மா" என்று தொடங்கி, நிறுத்தி, சிரித்துவிட்டு, தொழிலைச் சொன்னார். வந்தவர் குனிந்து எழுதத் தொடங்கியதும், "என்ன எழுதறீங்கன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வருவார். பள்ளியிலிருந்து ஒரு படிவம் வரும், வங்கியிலிருந்து ஒன்று வரும். தொழில் என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்துங்கள். உள்ளே இருக்கிறவரைக் கூப்பிட்டு, காலையிலிருந்து என்னென்ன செய்தார் என்று கேளுங்கள். சும்மா இருந்தேன் என்றால் நம்பாதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள். பிறகு பேனாவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.